இன்காக்களின் முடிச்சுக் கணக்கு

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் இன்காக்கள் நிறுவிய பேரரசு குஸ்கோ நகரைத் தலைநகராகக் கொண்டு, வடக்கே ஈக்வடாருக்கு அப்பால் தொடங்கித் தெற்கே சிலியின் நடுப்பகுதி வரை பரந்து கிடந்தது. 15ஆம் நூற்றாண்டில் பச்சாகூட்டி என்னும் மன்னன் காலத்திலிருந்து வளர்ந்த அரசு அது. சக்கர வண்டியை அம்மக்கள் கண்டதில்லை. நாணயமும் அவர்களிடம் இல்லை. நாம் எழுத்து என்று சொல்லும் ஒன்றும் இல்லை.

நாணயம் இல்லாத நாட்டில் வரியை எவ்வாறு செலுத்துவது? உழைப்பாகச் செலுத்தினார்கள். நிலத்தை உழுதார்கள், சாலை அமைத்தார்கள், துணி நெய்தார்கள். விளைந்த சோளமும் நெய்த துணியும் அரசின் களஞ்சியங்களில் நிரம்பின. எந்த ஊரார் எவ்வளவு கொடுத்தனர் என்பதற்குக் கணக்கு வேண்டுமல்லவா? அக்கணக்கைக் கயிற்றில் வைத்தார்கள். அதற்குக் கிப்பு என்று பெயர்.

ஒரு தடித்த கயிற்றிலிருந்து பல வண்ணச் சரடுகள் தொங்கும். பருத்தி நூலும் விலங்குகளின் மயிரும் இதற்குப் பயன்பட்டன. 243 என்று குறிக்க வேண்டுமானால், சரட்டின் மேற்பகுதியில் இரண்டு முடிச்சுகள். சற்று இடைவெளி விட்டு நான்கு. அடியில் மூன்று சுற்றுகள் கொண்ட நீண்ட முடிச்சு ஒன்று. சுழியத்துக்கு முடிச்சே இல்லை. அந்த இடம் வெறுமையாக விடப்படும். நம்முடைய தசம முறையே இது! லாக் என்னும் அமெரிக்க அறிஞர் 1912இல் இதனை விளக்கிக் காட்டினார்.

1532இல் ஸ்பானியர் புகுந்தனர். ஹௌஹா பள்ளத்தாக்கில் வாழ்ந்த வாங்கா மக்கள் இன்காக்களிடம் மனக்கசப்புக் கொண்டிருந்தவர்கள்; ஆகவே வந்தவர்களுக்குத் துணை நின்றனர். லாமா, சோளம், துணி, சுமை தூக்க ஆட்கள் என்று கேட்டதையெல்லாம் கொடுத்தனர். கொடுத்த ஒவ்வொன்றுக்கும் முடிச்சும் போட்டுக்கொண்டே வந்தனர். 1561இல் லிமா நகர் நீதிமன்றத்தில் அவர்களுடைய தலைவர்கள் இக்கிப்புகளைச் சான்றாக வைத்தனர். படைவீரர் கொள்ளையடித்துச் சென்ற பொருள்களும் அக்கணக்கில் இருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், எழுத்தில்லாதவர் நினைவின் முன்னே விடை சொல்ல நின்றார்கள் என்பதே எனக்கு வியப்பூட்டுகிறது.

ஆயினும் 1583இல் லிமாவில் கூடிய கிறித்தவத் திருச்சபை மன்றம், பழைய சமயத்தோடு தொடர்புடையவை என்று கருதிக் கிப்புகளை எரிக்க ஆணையிட்டது. இன்று ஆயிரத்துச் சொச்சம் கிப்புகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் எண்களைப் படித்துவிடலாம். ஆனால் தசம முறைக்கு அடங்காத முடிச்சுகள் கொண்டவையும் உண்டு. அவை வரலாறா, பெயர்களா, பாட்டா? ஒருவராலும் படிக்க முடியவில்லை.

பெரு நாட்டின் கொயாட்டா என்னும் மலைக் கிராமத்து மக்கள் இரண்டு கிப்புகளை ஒரு மரப்பெட்டியில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். அவை போர்க்காலத்தில் தலைவர்கள் விடுத்த மடல்கள் என்பது ஊர்ப் பெரியவர்கள் கூற்று. அவற்றைப் பற்றிய ஆய்வு 2017இல் வெளியாயிற்று. பல விலங்குகளின் மயிரால் ஆனவை அச்சரடுகள். எது எந்த விலங்கின் மயிர் என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது, விரலால் தடவியும் அறிய வேண்டும் என்று அந்த ஊரார் ஆய்வாளருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.