கண்ணாடி போட்டும் எழுத்து தெரியலையா? லென்ஸ் ஆர்டர் போடும் முன் இதைப் படிங்க

“கண்ணாடி போட்டும் மாத்திரை அட்டையில என்ன இருக்குன்னு தெரியலப்பா.” கொழிஞ்சாம்பாறையிலோ குமுளியிலோ இருக்கும் அம்மா போனில் இப்படிச் சொன்னால், வெளியூரில் வேலை பார்க்கும் நீங்கள் என்ன செய்வீர்கள்? இருப்பதிலேயே பெரிய லென்ஸை ஆன்லைனில் ஆர்டர் போடுவீர்கள். அது உதவாமல் போகவே வாய்ப்பு அதிகம்.

குறை பார்வை என்றால் என்ன?

சிகிச்சைக்குப் பிறகும், சரியான கண்ணாடி போட்டும், நல்ல கண்ணில் பார்வை 6/18-க்குக் கீழே 3/60 வரை இருந்தால் அது குறை பார்வை என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பார்வைப் பரப்பு சுருங்கியவர்களும் இதில் அடங்குவர். 6/18 என்றால், மற்றவர்கள் 18 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். மிச்சமிருக்கும் பார்வைக்கு உதவத்தான் கருவிகள்.

பெரிய லென்ஸ் நல்லதா?

பவர் கூடக்கூட லென்ஸ் சிறிதாகும். பெரிய லென்ஸுக்குப் பவர் குறைவுதான். 8 டயாப்டர் லென்ஸ் சுமார் 2 மடங்கு பெரிதாக்கும். 20 டயாப்டர், 5 மடங்கு. ஆனால் 20 டயாப்டரை எழுத்திலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில் பிடிக்கணும். ஒரு நேரத்தில் சில எழுத்துகளே தெரியும். கை நடுங்குபவர்களுக்கு, காகிதத்தின் மேலேயே உட்காரும் விளக்கு வைத்த ஸ்டாண்டு லென்ஸ் வசதி.

வேறு என்ன இருக்கிறது?

பஸ் போர்டு படிக்க, கையடக்க ஒற்றைக்கண் தொலைநோக்கி. நின்றுதான் பார்க்கணும், நடந்துகொண்டே பார்த்தால் ஆபத்து. ரூபாய் நோட்டை அடையாளம் காண, ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட ‘மணி’ செயலி. இணையம் இல்லாமலும் மதிப்பைக் குரலில் சொல்லும். செலவே இல்லாத ஒன்றும் உண்டு: கறுப்பு அட்டையில் ஒரு வரி அளவுக்கு வெட்டி, பக்கத்தின் மேல் வையுங்கள். கண்கூச்சம் குறையும், வரி தவறாது.

எங்கே போவது?

முதலில் கண் பரிசோதனை. காரணம் கண்புரையாக இருந்தால் அறுவை சிகிச்சையே போதும். பாலக்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோவை, இடுக்கிக்காரர்களுக்குத் தேனி, மதுரை பக்கம். மூன்று ஊரிலும் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. குறை பார்வைப் பிரிவு எங்கே, எந்த நாளில் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். படிக்க முடியாத மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். அதை வைத்தே லென்ஸைச் சோதித்து வாங்கலாம்.

அதற்கு முன் அம்மாவிடம் ஒரு கேள்வி: “என்னென்ன படிக்கணும்மா?” மாத்திரை அட்டைக்கும் பஸ் போர்டுக்கும் ஒரே கருவி போதாது.