மலை நகரும் கணக்கு

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் நான் அடிக்கடி போய் வருகிறேன். மண்சரிவு என்றாலே எங்களுக்குச் சாலை அடைப்புதான் நினைவுக்கு வரும். ஆனால், சரியும் மலைக்குக் கீழே நீர்த்தேக்கம் இருந்தால் ஆபத்து பல மடங்கு. கேமரன் மலையிலும் ரிங்லெட்டில் ஒரு நீர்த்தேக்கம் உண்டு. அதன் சுல்தான் அபு பாக்கார் அணை 1963-இல் கட்டி முடிக்கப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபர் 9 இரவு, இத்தாலியின் வாயோந்த் நீர்த்தேக்கத்துக்குள் சுமார் 27 கோடி கன மீட்டர் மலை சரிந்தது. அணை உடையவில்லை, அதைத் தாண்டிப் பாய்ந்த நீர் ஏறக்குறைய 2,000 உயிர்களைப் பறித்தது.

அந்த மலையின் நகர்வைப் பொறியாளர்கள் மூன்று ஆண்டுகளாக அளந்து வந்தார்கள். நீர்மட்டம் ஏறினால் வேகம் கூடியது, இறக்கினால் குறைந்தது. நீரை வைத்தே மலையை அடக்கலாம் என்று நம்பினார்கள். கடைசியில் நீரை இறக்கியும் வேகம் அடங்கவில்லை. நாளுக்குச் சுமார் 20 சென்டிமீட்டரை எட்டியது.

மலைக்குள் ஊறிய நீர் பாறை அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்தும். தேக்கத்தை இறக்கினாலும் அது உடனே வடியாது. வெளியே தாங்கி நின்ற நீரும் போய்விடும்.

1985-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுசோனோ ஒரு வழி சொன்னார்: ஒன்றை வேகத்தால் வகுத்து, நாள்வாரியாக வரைபடமாக்குங்கள். கோடு பூஜ்யத்தை நோக்கி இறங்கினால், அது தொடும் இடமே சரிவு நிகழக்கூடிய நேரம். வாயோந்தின் பழைய அளவீடுகளும் அப்படித்தான் இறங்குகின்றன.

மழை, நீர்மட்டம், நகர்வு மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எந்த வேகத்தில் கீழே இருப்பவர்களை வெளியேற்றுவது என்பதையும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.