செல்லின் வாசல் – 9: நெற்றியில் உப்பு

செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சுவரைச் சென்ற வாரம் பார்த்தோம். தண்ணீரில் கரைந்த உப்பு அந்தச் சுவரைத் தானாகத் தாண்டாது, அதற்குப் புரதத்தால் ஆன வாசல் வேண்டும் என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். அப்படியொரு வாசல் பழுதானால் என்ன ஆகும்? நுரையீரலே போய்விடும் என்பதுதான் இந்த வாரக் கதை.

1948 கோடை. நியூயார்க் நகரம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. வெப்பம் தாங்காமல் சுருண்டு விழுந்த குழந்தைகளை பேபீஸ் ஹாஸ்பிடல் என்ற குழந்தைகள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்படி வந்தவர்களில் எதிர்பார்த்ததைவிட அதிகமான பேருக்கு ஒரே நோய் இருந்தது. அதன் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். வெயில் எல்லாருக்கும் பொதுதானே, இந்தக் குழந்தைகளை மட்டும் ஏன் இப்படிச் சாய்க்கிறது?

அந்த நோயைத் தெளிவாக வரையறுத்து எழுதியவர் அதே மருத்துவமனையில்தான் இருந்தார். டோரதி ஆண்டர்சன். பெண் என்பதால் அறுவை மருத்துவப் பயிற்சியில் இடம் கிடைக்காமல் நோய்க்குறியியல் பக்கம் வந்தவர். இறந்த குழந்தைகளின் கணையம் நார் பாய்ந்து, நீர்ப்பைகளோடு கிடந்ததைப் பார்த்து 1938இல் கட்டுரை எழுதினார். நோய்க்குப் பெயர் வந்தது அப்படித்தான். கணையத்தை வைத்துப் பெயர் சூட்டப்பட்டாலும் பெரும்பாலும் உயிரைப் பறித்தது நுரையீரல். கெட்டிச் சளி, ஓயாத இருமல், திரும்பத் திரும்ப நிமோனியா. 1950களில் இந்த நோயோடு பிறந்த பிள்ளைகளில் பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டியவர்களே குறைவு.

வெயில் கேள்விக்கு விடை தேடியவர் ஆண்டர்சனின் சக மருத்துவர் பால் டி சான்ட் அக்னேசே. குழந்தைகளின் வியர்வையை எடுத்துச் சோதித்தார். மற்றக் குழந்தைகளின் வியர்வையில் இருப்பதைவிடப் பல மடங்கு உப்பு. 1953இல் அதை வெளியிட்டார். ஐரோப்பியக் கிராமத்துப் பாட்டிகள் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். முத்தமிடும்போது நெற்றி உப்புக் கரிக்கும் குழந்தை பிழைக்காது என்ற பேச்சு அங்கே சில நூற்றாண்டுகளாகவே உண்டு.

நுரையீரல் நோய்க்கும் வியர்வை உப்புக்கும் என்ன உறவு? இதற்குப் பதில் வர இன்னும் 30 ஆண்டுகள் ஆயின. அதுவரை உப்பு, நோயைக் கண்டுபிடிக்க உதவும் ஓர் அடையாளமாக மட்டுமே இருந்தது. எல்லாருடைய கண்ணும் சளி மேலேயே இருந்தது. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் நடந்த பெரிய பிசகு அதுதான். சளி விளைவு. காரணத்தை உப்பு காட்டிக்கொண்டே இருந்தது.

அந்த உப்பைப் பிடித்துக்கொண்டு போனவர் பால் குவின்டன் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர். அவருக்கே இந்த நோய் இருந்தது. தன் தோலிலிருந்தே வியர்வைச் சுரப்பிகளை எடுத்து, முடி போன்ற அந்த நுண்குழாய்களை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தார். 1983இல் விடை கிடைத்தது: குழாயின் சுவர், உப்பின் ஒரு பகுதியான குளோரைடை உள்ளே விடவில்லை.

கொஞ்சம் நின்று இதைப் பார்ப்போம். வியர்வைச் சுரப்பியின் அடியில் ஊறும் நீர் ஏறத்தாழ இரத்தத்தின் அளவுக்கு உப்பாக இருக்கும். அது தோலுக்கு ஏறிவரும் வழியில், குழாயின் செல்கள் உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். குளோரைடு வாசல் திறக்காவிட்டால் எடுக்க முடியாது. உப்பு அப்படியே தோலில் வந்து பூக்கிறது.

மூச்சுக்குழாயில் அதே வாசலுக்கு வேறு வேலை. அங்கே அது குளோரைடை வெளியே விட வேண்டும். உப்பு போகும் வழியில் தண்ணீரும் போகும். நம் மூச்சுக்குழாயின் உள்சுவரில் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒரு நீர்ப்படலம் இருக்கிறது. அதில் நுண்ணிய இழைகள் ஓயாமல் துடித்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆப்பச் சோடாவில் இருக்கும் பைகார்பனேட்டும் இந்த வாசல் வழியாகத்தான் வெளியேறுகிறது. சளி பிரிந்து இளகுவதற்கு அது வேண்டும். வாசல் மூடினால் படலம் வற்றும். சளி, போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை போல இறுகும். இழைகள் அதற்கடியில் மாட்டிக்கொள்ளும். பிறகு சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியேறுகின்றன. அவற்றோடு போராட வரும் வெள்ளணுக்கள் செத்துக் குவிந்து, சளியை இன்னும் கெட்டியாக்குகின்றன. இது ஆண்டுக்கணக்கில் நடந்தால் மூச்சுக்குழாயே சிதைந்து விரிந்துவிடும்.

1989இல் டொரன்டோவின் லாப்-சீ சுய், ஜான் ரியார்டன், மிச்சிகனின் பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் 7ஆம் குரோமோசோமில் இந்த நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தன. அது உருவாக்கும் புரதம்தான் நாம் பார்த்த வாசல்; அதற்கு சி.எஃப்.டி.ஆர். என்று பெயர். 1480 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சரம். அவர்கள் பார்த்த பழுதான மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் ஒரே பழுது: 508ஆவது இடத்தில் ஒரே ஒரு மணி இல்லை.

ஒரு மணி குறைந்ததால் வாசலே செயல்படாமல் போய்விட்டதா? இல்லை, அது செல்லின் சுவருக்கு வந்து சேரவே இல்லை. செல்லுக்குள் புரதம் மடிந்து உருவெடுக்கும் இடத்தில் கறாரான தரச் சோதனை உண்டு. லாரியை எஃப்.சி.க்குக் கொண்டுபோனவர்களுக்கு இது புரியும். கொஞ்சம் கோணலாக மடிந்த இந்தப் புரதத்துக்கு அங்கே சான்றிதழ் கிடைக்காது; நேரே உடைப்புக்குப் போகும். செல்களை உடல் வெப்பத்தைவிடக் குளிர்ந்த நிலையில் வளர்த்தபோது, அதே கோணல் புரதம் மேலே வந்து சேர்ந்து ஓரளவு குளோரைடையும் விட்டது. 1992இல் மைக்கேல் வெல்ஷின் ஆய்வுக்குழு இதைக் காட்டியது. தூக்கிப்போடும் அளவுக்கு மோசமில்லாத புரதத்தை செல் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தது!

ஆளைக் குளிரவைக்க முடியாது. அதனால் மருந்து தேடினார்கள். 2012இல் வந்த ஐவாகாஃப்டர், மேலே வந்து சேர்ந்தும் திறக்காமல் நிற்கும் வாசலைத் திறந்து வைப்பது; சிறு பகுதி நோயாளிகளுக்கே பயன்பட்டது. 2019 அக்டோபரில் அமெரிக்கா அனுமதித்த மாத்திரையில் மூன்று மருந்துகள். எலெக்ஸாகாஃப்டர், டெஸாகாஃப்டர் இரண்டும் புரதத்தைச் சரியாக மடியவைத்துச் சோதனையைத் தாண்டச் செய்யும். ஐவாகாஃப்டர் கதவைத் திறக்கும். முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே பலருக்கு அடக்க முடியாத இருமல் வந்தது. ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த சளி இளகிக் கொத்துக் கொத்தாக வெளியேறியது. விலை? அறிமுகமானபோது ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். வாசல் திறந்தது, கல்லாவும் திறந்தது.

இது பரம்பரைக் கோளாறு உள்ளவர்களின் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். சிகரெட் புகை, பிறவியில் எந்தக் குறையும் இல்லாத சி.எஃப்.டி.ஆர். வாசலையும் முடக்குகிறது. புகைப்பவர்களின் மூச்சுக்குழாயில் நீர்ப்படலம் வற்றுவதற்கும், சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் சளி கெட்டியாவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை வெகுகாலம் வெள்ளைக்காரர் நோய் என்றே ஒதுக்கி வைத்திருந்தோம். அப்படியில்லை. 508 கோளாறின் பங்கு இங்கே ஐரோப்பாவைவிடக் குறைவு. வேறு கோளாறுகள் அதிகம். டி.பி. என்றும் ஆஸ்துமா என்றும் பெயர் மாறிப் பல குழந்தைகள் கைநழுவிப் போகிறார்கள். நம் வெயிலில் சளித்தொல்லை முற்றும் முன்பே உப்பும் நீரும் வற்றிச் சோரும் குழந்தைகளும் உண்டு.

உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ அடிக்கடி நிமோனியா வரும், நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாத, மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போகும், தோல் உப்புக் கரிக்கும் குழந்தை இருந்தால், மருத்துவரிடம் வியர்வைச் சோதனை பற்றிக் கேளுங்கள். முன்கையில் மருந்து தோய்ந்த பட்டையை வைத்து, ஊசியில்லாமல், லேசான மின்சாரத்தால் வியர்க்க வைப்பார்கள். அரை மணி நேரம் வியர்வையைச் சேகரிப்பார்கள். குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய் இருக்க வாய்ப்பு மிக அதிகம். எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது.

(தொடரும்)