விரலால் படிக்கும் எழுத்து

கண் தெரியாத பிள்ளைக்குப் படிப்பு எதற்கு? இப்படிக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பிள்ளை விரலால் படிக்கும். அதுதான் பிரெயில் எழுத்து.

பிரான்சு நாட்டில் லூயி பிரெயில் என்று ஒரு சிறுவன் இருந்தான். 3 வயதில் அப்பாவின் பட்டறையில் ஊசி கண்ணில் குத்திவிட்டது. பிறகு இரண்டு கண்ணும் போயின. 1824இல், 15 வயதில், அவனே இந்த எழுத்தை உருவாக்கினான். எல்லாம் ஆறு புள்ளிகளுக்குள்தான்!

எழுதுவது எப்படி? கட்டம் கட்டமாக உள்ள சட்டத்தில் கெட்டித் தாளைப் பொருத்த வேண்டும். சிறு ஆணியால் குத்த வேண்டும். குத்திய புள்ளி தாளின் மறுபக்கம் மேடாக எழும். அதனால் வலமிருந்து இடமாக எழுதுவார்கள். தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகத் தடவிப் படிப்பார்கள். நமக்குத் தலை சுற்றும். பிள்ளைகள் பழகிவிடுவார்கள்.

இந்திய மொழிகளுக்கு 1951இல் பாரதி பிரெயில் வந்தது. ‘அ’ என்றால் ஒரே புள்ளி. தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் அதே புள்ளிதான்.

இப்போது செல்போனே புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறது. நல்லதுதான். ஆனால் காதால் கேட்டால் மட்டும் எழுத்துக் கூட்ட வராது. தன் பெயரைத் தானே எழுதிப் படிக்கப் பிரெயில் வேண்டும்.

2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள மாணவருக்கு 18 வயது வரை புத்தகமும் கருவியும் இலவசம். அரசு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்குங்கள். பிறகு பள்ளித் தலைமை ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்.