நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

தேனி மாவட்டத்து ஊர்களில் ‘நல்ல தண்ணீர்’, ‘உப்புத் தண்ணீர்’ என்னும் சொற்கள் அன்றாட வழக்கில் உள்ளன. பருப்பு விரைவில் வெந்தால், சோப்பு எளிதில் நுரைத்தால் அது நல்ல தண்ணீர். வேதியியல் கற்பிக்கும் மென்னீர், கடினநீர் என்னும் வேறுபாட்டை மக்கள் அடுப்பங்கரையிலேயே அறிந்திருந்தனர்.

வேறுபாடு ஏன்?

மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழைநீர், 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கை அடைகிறது. மழைநீர் இயல்பாகவே மென்மையானது. ஆழ்துளைக் கிணற்று நீரோ பாறையிடுக்குகளில் நெடுங்காலம் தங்கி, கால்சியம், மெக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. எனவே, ஒரே தெருவின் இரு குழாய்களில் இருவகை நீர் வரக்கூடும்.

எவ்வளவு கடினம்?

இந்தியத் தரநிலை 10500:2012இன்படி, குடிநீரில் ஏற்கத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராம் வரை ஏற்கலாம். உலக நலவாழ்வு நிறுவனம் கடினத்தன்மைக்கென உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. மிதமான கடினநீர் பாத்திரத்தில் வெண்படிவை உண்டாக்கும். ஆயினும் அதனாலேயே அது குடிக்கத் தகாததாகிவிடாது.

எக்கருவி ஏற்றது?

பைகார்பனேட்டுகளால் விளையும் தற்காலிகக் கடினத்தன்மை கொதிக்க வைத்தால் நீங்கும், கிருமிகளும் அழியும். சல்பேட், குளோரைடு உப்புகளால் விளையும் நிலையான கடினத்தன்மை அவ்வாறு நீங்காது. புறஊதாக் கதிர்க் கருவி கிருமிகளை அழிக்குமேயன்றி உப்பைக் குறைக்காது. அயனிப் பரிமாற்றக் கருவி கால்சியம், மெக்னீசியம் அயனிகளை நீக்கிச் சோடியத்தைச் சேர்க்கிறது. துவைப்பதற்கும் வெந்நீர்க் கருவிக்கும் அது உதவும். எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் இயங்கும் ‘ஆர்.ஓ.’ கருவி உப்புகளைப் பெரிதும் நீக்குகிறது. ஆனால், உள்ளே செல்லும் நீரில் ஒரு பகுதியைக் கழிவாக வெளியேற்றுகிறது. கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இக்கருவியைத் தடைசெய்யுமாறு 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அறிவுறுத்தியது.

சோதித்துத் தேர்க

அண்டை வீட்டார் வாங்கினர் என்பதற்காகக் கருவி வாங்குதல் நோயறியாமல் மருந்துண்பதை ஒக்கும். முதலில் நீரை ஆய்வகத்தில் சோதித்தல் வேண்டும். முடிவு ஆர்.ஓ. கருவியை வேண்டுமாயின், கழிவுநீரைச் சேமித்துத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். தேவையில்லையெனில், மலையைக் குடைந்து கொண்டுவந்த மென்னீரைச் சாக்கடையில் விடுவது பணத்தோடு நீரையும் இழப்பதாகும்.