சம்பளச் சீட்டைப் படித்துப் பார்த்தீர்களா, சகோதரி?

சுபஹுத் தொழுகையை முடித்த கையோடு சோற்றுப் பார்சலையும் எடுத்துக்கொண்டு கார்மென்ட்ஸ் பஸ்ஸுக்கு ஓடும் சகோதரிகள் நம் ஊர்களில் பலர். 1978ல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் உருவானபோது அது நமக்குத் தூரத்துச் செய்தி. 1992ல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையல் மெஷினைக் கிராமத்துக்கே கொண்டு வந்தது.

அங்கே நீங்கள் படும் பாடு வீட்டாருக்குத் தெரியும். மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கு. குறைந்தால் சூப்பர்வைசரின் ஏச்சு. லுஹர் தொழ ஐந்து நிமிடம் கேட்டால் முகச்சுளிப்பு. ஆனால், சத்தமில்லாமல் நடக்கும் அநியாயம் ஒன்றும் உண்டு.

நாமறிந்த சகோதரியொருவர் ஆறு வருடம் தைத்தார். நிகாஹ் நிச்சயமானதும் வேலையை விட்டார். திருமணத்துக்காக வேலையை விடும் பெண் தன் ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் சட்டம் இடமளிக்கிறது. தொழில் காரியாலயத்துக்குப் போனால், கடைசி இரண்டு வருடப் பணம் கட்டப்படவே இல்லை! மாதாமாதம் சம்பளத்தில் வெட்டியது மட்டும் உண்மை.

அவருடைய உம்மா எழுத்து வாசனை அறியாதவர். ஆனாலும் மகள் கொண்டுவந்த சீட்டுகளை ஒன்று விடாமல் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அந்த டின்தான் சாட்சி சொன்னது. பல மாதம் அலைந்தாலும் பணம் கிடைத்தது.

ஆகவே சகோதரி, சீட்டைக் கவனியுங்கள். சேமலாப நிதிக்கு உங்களிடம் வெட்டக்கூடியது நூற்றுக்கு 8. முதலாளி தன் பங்காக 12 சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 முழுவதும் முதலாளியுடையது. அதை உங்களிடம் வெட்டுவது தவறு. அடுத்த மாத முடிவுக்குள் சேமலாபப் பணம் கட்டப்படாவிட்டால், தாமதத்துக்கேற்ப 5 முதல் 50 வீதம் வரை முதலாளி மேலதிகமாகச் செலுத்த நேரும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தியானால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு. நமது சகோதரி இதைக் காரியாலயத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்!

கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் இயல்பே. தனியே கேட்கப் பயந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தொழில் காரியாலயத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.

உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி பணித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். வெட்டிய பணத்தை முடக்கி வைப்பதும் கூலியை மறுப்பதுதான். முதலாளி முஸ்லிமானால் அவருக்கு இது இரட்டைப் பொறுப்பு. நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு: வாங்கும் கூலிக்கு நேர்மையாக உழைப்பது அமானிதம்.

உம்மாமாரே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய டின் இருக்கும். இந்த மாதச் சீட்டை இன்றே அதில் போட்டு வையுங்கள்.