வாழைச்சேனைச் சாலையும் ஆவியின் கனியும்

பாசிக்குடாக் கடலில் இறங்கி நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவைத் தாண்டுவதில்லை. கரையிலிருந்து உள்ளே திரும்பினால் சிறிது தொலைவில் வாழைச்சேனை; அங்கிருந்து ஏறாவூர் வழியே மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்தச் சாலையிலேதான் ஹெபர்ட் அடிகளார் தமது ஸ்கூட்டரிற் புறப்பட்டார். மட்டக்களப்பை அவர் அடையவில்லை.

கிறிஸ்தவ அறம் பற்றிப் பேசுவோர் கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை மறவாது எடுத்துக்காட்டுவர். அன்பு தொடங்கி இச்சையடக்கம் ஈறாக ஒன்பது பண்புகள் ஆவியின் கனியாக அங்கே கூறப்படுகின்றன. அந்நிருபத்தை எழுதியவரைச் சிலர் பவுல் என்பர். பழைய கத்தோலிக்க வழக்கில் அவர் சின்னப்பர். பெயர் எதுவாயினும், அவர் கையாண்ட இலக்கண நுட்பமொன்று நம் தமிழாசிரியர்களின் கவனத்துக்குரியது. மனிதனின் தாழ்ந்த இயல்பிற் பிறப்பனவற்றைச் செயல்கள் எனப் பன்மையிற் சொன்னவர், ஆவியில் விளைவதைக் கனி என ஒருமையிற் சொன்னார். கிரேக்க மூலத்திலும் அவ்வாறே. ஆகவே பொறுமை எனக்குண்டு, தயவு ஒன்றுதான் இல்லை என்று பங்கு பிரித்துக்கொண்டு எவரும் தப்ப இயலாது. மேலும், கனி பழுக்க நாட்கள் வேண்டும்.

ஹெபர்ட் அடிகளாருக்கு அந்நாட்கள் 42 ஆண்டுகளாக நீண்டன. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923இல் பிறந்த யூஜின் ஜோன் ஹெபர்ட், இயேசு சபையைச் சேர்ந்தவராய் 1948இல் இலங்கை வந்தார். திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் மாணவருக்குக் கூடைப்பந்து பயிற்றினார். துறவிக்கும் பந்துக்கும் என்ன உறவு என்று கேட்பாரும் உளர். நீடிய பொறுமைக்கு விளையாட்டு மைதானத்தைவிடக் கடுமையான சோதனைக்களம் வேறு உண்டோ? பந்தைத் தட்டத் தெரியாத சிறுவனுக்கு நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்லவேண்டும். வென்றவனை அடக்கவேண்டும், தோற்றவனைத் தேற்றவேண்டும், நடுவரின் பிழையான தீர்ப்புக்கும் பணிந்து நிற்கப் பழக்கவேண்டும். பிரசங்கபீடத்தில் நின்று சாந்தத்தைப் போதிப்பது இதனினும் எளிது என்பேன். பின்னாளில் அவர் மட்டக்களப்பில் இளைஞருக்குத் தொழில் கற்பிக்கும் பயிற்சி நிலையமொன்றையும் நடத்தினார். கையில் தொழிலொன்று இருப்பவனுக்கு நாளை என்பதில் நம்பிக்கை பிறக்குமன்றோ!

அந்த நாளையைத்தான் 1990 பறித்தது. ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். சில நாட்களுக்குள் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். பழிக்குப் பழியெனத் தமிழரும் கொலையுண்டனர். தலைமுறை தலைமுறையாகப் பக்கத்து ஊரவராய் வாழ்ந்தோர் ஒருவர் தெருவில் ஒருவர் காலடி வைக்க அஞ்சிய வேளை அது. அறுபத்தாறு வயதுத் துறவியொருவர் அந்நாளிலும் ஸ்கூட்டரில் ஏறி ஊர்விட்டு ஊர் சென்றார். இதனைத் துணிவு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கோ அது அவரது அன்றாட வழக்கத்தின் தொடர்ச்சியாகவே தோன்றுகிறது. நாற்பதாண்டுகளாகச் சென்றுவந்த மக்களிடம் அன்று மட்டும் செல்லாதிருக்க அவரால் இயலவில்லை போலும். விசுவாசம் என்று தமிழில் வழங்கும் அச்சொல்லுக்குக் கிரேக்கத்தில் சொல் தவறாமை என்ற பொருளும் உண்டு.

அவருடன் சென்ற தமிழ் இளைஞரை நாம் பெரும்பாலும் பெயரின்றியே குறிப்பிடுகிறோம். இது நம் குறை. அவர் பெயர் பேர்ட்ரம் பிரான்சிஸ். இருவரது உடலும் கிடைக்கவில்லை.

லூசியானாவிலிருந்தே வந்த மற்றோர் இயேசு சபைத் துறவி ஹரி மில்லர் அடிகளார். மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்துகொண்டு, காணாமற்போனோரின் உறவினர் கூறியவற்றைக் கேட்டுப் பதிவுசெய்து வந்தார் அவர். மகனைத் தேடி வந்த தாய் சொல்வதைக் குறுக்கிடாது கேட்கவேண்டும். பெயரையும் நாளையும் இடத்தையும் பிழையறக் குறிக்கவேண்டும். மறுநாள் வரும் தாயிடமும் அவ்வாறே அமர்ந்து கேட்கவேண்டும். அப்படிக் காணாமற்போனோருள் ஒருவர் அவருடைய சபைச் சகோதரரே. அதன் பின்னரும் மில்லர் அடிகளார் மட்டக்களப்பிலேயே இருந்து அப்பணியைத் தொடர்ந்தார்.